தூதுத் துரைக்குப் போட்ட கும்பிடு

போன வியாழக்கிழமை என் மனைவியின் தம்பி ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கதர்ச் சட்டை, கதர்த் துண்டு, கதர்ப் பை. வெள்ளைக்காரன் கப்பலேறி இரண்டு வருடம் ஆகிறது; இவனுக்கு அன்றிலிருந்து நிற்க நேரமில்லை. காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னான்:

"ஏனுங்க மாமா, இதுல ஒரு கையெழுத்துப் போடோணுமுங்க. அந்தத் தூதுத்தொரை வந்தப்பக் கறுப்புக் கொடி காட்டுனவங்க பேரையெல்லாம் சர்க்காருல கேட்டிருக்கறாங்க. நம்ம ஊருல ரெண்டு பேரு. ஒண்ணு நானு. இன்னொண்ணு உங்க பண்ணையத்துக் கெணத்துல கவலை ஓட்டுனானே, அவன். அப்ப நீங்கதானுங்களே மணியம்? ஆமாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா ஊருக்கே பெருமைங்க."

வைத்துவிட்டுப் போ, பார்க்கலாம் என்றேன். அவன் போன பிறகு அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்தேன். "அஞ்சா நெஞ்சத்தோடு கறுப்புக் கொடியை உயர்த்தி" என்று எழுதியிருந்தது. அஞ்சா நெஞ்சமாம்! அந்தக் காலையில் என் பண்ணையத்து ஆளைவிடப் பயந்த மனிதன் இந்தத் தாலுகாவில் இருந்திருக்க முடியாது, என்னைத் தவிர.

ஊர் மணியக்காரன் வேலை எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. வரி வசூல், பிறப்பு இறப்பு, சர்க்கார் உத்தரவு எல்லாம் மணியக்காரன் தலையில்தான். பதிலுக்கு அவனுக்குக் கிடைப்பது மரியாதை. நான் நடந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருப்பார்கள். முப்பது வயதில் அதைவிடப் போதை வேறு எதிலும் இல்லை.

இருபது வருடத்துக்கு முன்பு சீமையிலிருந்து பார்லிமெண்டின் தூதராக ஒரு பெரிய துரை வந்தார். இந்த நாட்டு ஜனங்களுக்குத் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் லாயக்கு இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துச் சொல்லப் போகிறாராம். எங்களைப் பார்த்துச் சொல்ல எங்களில் ஒருவரும் அவர் கூட இல்லை என்பதுதான் வம்பு. அவர் போன ஊரிலெல்லாம் கடையடைப்பு, கறுப்புக் கொடி, "திரும்பிப் போ" என்ற கூச்சல். சில இடங்களில் கல் வீச்சு, தடியடி. வடக்கே எங்கேயோ தண்டவாளத்தில் வெடி வைத்திருந்தார்கள் என்று ஒரு பேச்சு. நிஜமோ பொய்யோ, சர்க்கார் அரண்டு போயிருந்தது. அந்தத் துரை சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ஸ்பெஷல் ரயிலில் போவார் என்று மாசி மாதத்தில் எனக்கு உத்தரவு வந்தது. எங்கள் ஊர் எல்லையில் இருப்புப்பாதை இரண்டு மைல் ஓடுகிறது.

உத்தரவு நீளமானது. கிணறு வெட்டுகிறவர்களிடம் பாறை உடைக்க வைத்திருக்கும் வேட்டு மருந்தையெல்லாம் வாங்கித் தாலுகா கச்சேரியில் ஒப்படைக்க வேண்டும். தந்திக் கம்பத்துக்கு ஓர் ஆளாக நிறுத்த வேண்டும். நிற்கிறவன் ரயிலுக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்தபடி நிற்க வேண்டும்; துரையைப் பார்ப்பது அவன் வேலையல்ல, துரையிடம் யாரும் வராமல் பார்ப்பதுதான் வேலை. கையில் தடி கூடாது, தீப்பெட்டி கூடாது, கறுப்புத் துணி எதுவும் கூடாது. கடைசி வரியின் கீழே சிவப்பு மசியில் கோடு போட்டிருந்தார்கள்.

ஊரார் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் ஊரார் யார் நின்றார்கள்? ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு எருமை கன்று போடும் நாள், மற்றொருவருக்குச் சம்பந்தி வீட்டில் காரியம். எல்லாரும் தங்கள் பண்ணையத்து ஆட்களைத்தான் அனுப்பினார்கள். ஊருக்குத் தெற்கே தனி வளவில் குடியிருந்துகொண்டு எங்கள் காட்டில் உழைத்தவர்கள் அவர்கள். ஒரு கம்பம் என் குடும்பத்தின் பேரிலும் இருந்தது. நானும் என் ஆளை அனுப்பினேன்.

அவன் என் வயதுக்காரன். இருபது வருடமாக அவனைப் பற்றி யோசிக்கிறேன், இன்னும் "அவர்" என்று எழுதக் கை வரவில்லை. பழக்கம் அப்படி. எங்கள் கிணற்றில் கவலை ஓட்டினான். மாட்டைப் பூட்டித் தோல் பையில் தண்ணீர் இறைக்கிற வேலை. விடிந்ததிலிருந்து இறக்கத்தில் போவதும் பின்னால் வருவதுமாக மாடுகளோடு மாடாக நடப்பான். வருடத்துக்கு ஒரு கம்பளி கொடுப்பது வழக்கம். அந்தப் பொங்கலுக்குக் கொடுத்தது நல்ல கறுப்பு ஆட்டுமயிர்க் கம்பளி. பழசுபோல நரைத்ததல்ல, காக்கை நிறம். நானே சந்தையில் பொறுக்கி எடுத்தது.

மழைக்கும் பனிக்கும் எங்கள் பக்கத்தில் கம்பளியை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வோம். கொங்காடை என்போம். முடிச்சு ஊசி எதுவும் கிடையாது, மடிப்பிலேயே நிற்கும். எடுத்தால் முழுக் கம்பளியாக அவிழ்ந்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் மற்றது எதுவும் விளங்காது. முந்தின வருடம் ஐப்பசி மழையில் நானும் என் மாமனாரும் வண்டியில், இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரி வழியாக வந்துகொண்டிருந்தோம். எதிரே அவன் தலையில் சோளத்தட்டுச் சுமையோடு, கொங்காடையோடு வந்தான். வண்டியைப் பார்த்ததும் வேலியோரமாக ஒதுங்கி நின்றான். கொங்காடையை எடுக்கவில்லை. எப்படி எடுப்பான், இரண்டு கையும் சுமையில் இருக்கிறதே! மாமனார் ஒன்றும் கோபிக்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, "உங்கூருல ஆளுங்க மூடிக்கிட்டேதான் நிப்பாங்களாட்ட இருக்குது" என்றார்.

அவ்வளவுதான். நான் வண்டியை விட்டு இறங்கி, வண்டிச் சாட்டையால் அவனை இரண்டு அடி அடித்தேன். சுமை சேற்றில் விழுந்தது. அவன் கம்பளியைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் வண்டி இட்டேரியைத் தாண்டும்வரை மழையில் குனிந்து நின்றான். "பெரியவங்க வந்தா முதுகு காட்டக் கூடாது, தலையில துணி கூடாது, தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுதுங்க சாமி" என்றான். அதற்குப் பிறகு வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே அவன் கை தலைக்குப் போகும். எனக்கு அது பெருமையாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

ரயில் வந்த நாள் காலையில் கடும் பனி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. டவுனிலிருந்து மேற்பார்வைக்கு வந்த கான்ஸ்டபிளும் நானும் கம்பம் கம்பமாகப் போய் ஆட்களைச் சோதித்தோம். மடியைத் தடவித் தீப்பெட்டியும் பீடியும் பிடுங்கி ஒரு கூடையில் போட்டோம். ஒருவனிடமிருந்து வேப்பங்குச்சியைக்கூடப் பிடுங்கினேன், தடி என்று. கொங்காடை போட்டு வரிசையாக நின்றவர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன். கறுப்புத் துணி கூடாது என்ற வரி எனக்கு மனப்பாடம். ஆனால் கம்பளி எங்கள் ஊர் மனிதனுக்குத் துணி அல்ல. அது அவன் தோல் மாதிரி. பனிக்காலத்தில் ஒரு குடியானவனைப் பார்த்து நீ கறுப்புத் துணி வைத்திருக்கிறாயா என்று கேட்க யாருக்குத் தோன்றும்? கான்ஸ்டபிளுக்கும் தோன்றவில்லை. அந்த மனுஷன் குளிர் தாங்காமல் ஒருவனிடம் கம்பளியை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டுதான் சோதனை செய்தார்.

முதல் கம்பம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். அங்கே நானும் கான்ஸ்டபிளும் நின்றோம். அடுத்த கம்பத்தில் அவன். வெயில் ஏறிப் பனி கலைந்த நேரத்தில், பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெறும் என்ஜின் ஒன்று முன்னால் போயிற்று. எல்லாரும் முதுகைக் காட்டி நின்றார்கள். பத்து நிமிடம் கழித்து ஸ்பெஷல் வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் வளைவு இருப்பதால் வேகம் குறைந்தது. வெள்ளை அடித்த பெட்டிகள், ஜன்னலில் திரைகள். ஒரு ஜன்னலில் மட்டும் திரை விலகி ஒரு சிவந்த முகம் தெரிந்தது. தூதரா, அவருடைய காரியதரிசியா, எனக்குத் தெரியாது.

அவன் திரும்பினான். உத்தரவு அவன் காதில் நன்றாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் சீமையிலிருந்து வருகிற பெரியவர் பின்னால் போகும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க அவன் உடம்பு கேட்கவில்லை. ரயிலைப் பார்த்துத் திரும்பி, கொங்காடையைத் தலையிலிருந்து எடுத்து, குனிந்தான். ரயில் காற்று கம்பளியைப் பிடித்து இழுத்தது. புதுக் கம்பளி, எட்டு முழம், முழு நீளத்துக்கும் விரிந்து படபடவென்று அடித்தது. பறந்துவிடாமல் இருக்க அவன் கையை உயர்த்தி இறுகப் பிடித்துக்கொண்டான். நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஜன்னலில் இருந்த முகம் உள்ளே போனது, திரை விழுந்தது.

அடுத்த ஸ்டேஷனிலிருந்து தந்தி பறந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் போலீஸ் லாரி எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டது. அவன் அப்போது கவலை ஓட்டிக்கொண்டிருந்தான். துரை கூப்பிட்டனுப்பினார் என்றே நினைத்தான் பாவி. முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. "மாட்டை அவுத்துக் கட்டிப்போட்டு வாரனுங்க சாமி" என்றான். அவிழ்க்க விடவில்லை. அவனை லாரியில் ஏற்றிய பிறகு, தண்ணீர்ப் பையோடு பாதி இறக்கத்தில் நின்றிருந்த மாடுகளை நான்தான் அவிழ்த்தேன்.

அதே நாள் சேலத்தில் என் மச்சான் கொடி காட்டப் போயிருந்தான். ஸ்டேஷன் வாசலில் கூட்டத்தை விரட்டியடித்ததில் அவனுக்குக் கெண்டைக்காலில் ஒரு அடி. ஒரு பகல் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். "கொடியைப் பிரிக்கறதுக்குள்ள அடிச்சுப்போட்டானுங்க மாமா" என்று அப்போது என்னிடம் அழாக்குறையாகச் சொன்னான். இன்றைக்கு அந்த அடி வளர்ந்து வளர்ந்து கால் எலும்பே முறிந்ததாக ஆகிவிட்டது. ஆக எங்கள் பக்கத்தில் அந்தத் தூதர் முகத்துக்கு நேரே கறுப்பை விரித்துக் காட்டியவன் ஒருவன்தான், அவரைக் கும்பிட்டவன்.

இரண்டாம் நாள் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் உத்தரவு, சிவப்புக் கோடு மேலே தெரியும்படி வைத்திருந்தது.

"மணியக்காரரே, இதைப் படிச்சீரா?"

"படிச்சனுங்க."

"ஆளுங்களைச் சோதிச்சீரா?"

"சோதிச்சனுங்க."

"அப்புறம் கறுப்புத் துணி எப்படி வந்தது? நீர் பார்த்துட்டு விட்டீரா, இல்லே உமக்குத் தெரியாம வந்ததா? உம்ம மச்சான் வேற அன்னிக்குச் சேலத்துல அகப்பட்டிருக்கான். யோசிச்சுச் சொல்லும். கோர்ட்டிலே கேட்பாங்க."

நாலு நாள் யோசித்தேன். கம்பளி இருந்தது, நான் பார்த்தேன், அது கொடியில்லை, எங்கள் ஊரில் பெரியவர்களைக் கண்டால் எடுக்கச் சொல்லி நானே அடித்துப் பழக்கியது என்று சொன்னால் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். என் மணியம் போய்விடும். ஒருவேளை நானும் உள்ளே போவேன். "எந்தம்பி ஒருத்தன் பட்டது போதாதுங்களா? நீங்களும் போகோணுமா?" என்று என் மனைவி அழுதாள். அவள்மேல் பழியைப் போட எனக்கு விருப்பமில்லை. அவள் அழாமல் இருந்திருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன்.

கோர்ட்டில் கம்பளியை மடித்து, நம்பர் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டி மேஜைமேல் வைத்திருந்தார்கள். மாஜிஸ்திரேட் அவனைக் கேட்டார், ஏன் கறுப்புக் கொடி காட்டினாய் என்று.

"கொடி இல்லீங்க சாமி. பெரிய தொரை வந்தாருங்க, கும்புட்டனுங்க."

கோர்ட்டே சிரித்தது. அவனுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. சுற்றிலும் பார்த்தான், என்னைக் கண்டான், முகம் தெளிந்தது.

"எங்க மணியகாரரு இருக்கறாருங்க. அவரையே கேளுங்க சாமி. அவருக்குத் தெரியுமுங்க."

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சோதித்தபோது இந்தக் கம்பளி அவனிடம் இருந்ததா என்று கேட்டார்கள்.

"இல்லைங்க" என்றேன். "ஒளிச்சுக் கொண்டாந்திருக்கறானுங்க."

எட்டு முழக் கம்பளியை, இடுப்பில் ஒரு துண்டுக் கோவணத்தோடு நிற்கிறவன் ஒளித்துக் கொண்டுவந்தானாம். மாஜிஸ்திரேட் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுதிக்கொண்டார். இரவல் கம்பளி போர்த்திய கான்ஸ்டபிள் சுவரோடு சுவராக நின்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதம் கடுங்காவல். அவன் அப்போதும் என்னைத்தான் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது தப்பாக விழுந்துவிட்டது, திருத்திச் சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி பார்த்தான்.

அவன் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். நான் அவனுக்காகப் பேசியதாகவே அவள் நம்பினாள், ஏனென்றால் நான் அவளிடம் அப்படித்தான் சொன்னேன். "நம்மால ஆனதைச் சொல்லியாச்சு, கேக்கலை" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி இருக்கறப்ப எங்களுக்கென்னங்க" என்றாள். அந்த ஆறு மாதமும் அவன் வேலையை அவள்தான் பார்த்தாள், வயிற்றோடு கவலை ஓட்டினாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் போயிற்று. மணியக்காரன் என்ற முறையில் பிறப்பையும் இறப்பையும் ஒரே பக்கத்தில் நான்தான் எழுதினேன். அவன் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை.

விடுதலையாகி வந்தவன் மறுநாள் என் வாசலுக்கு வந்தான். துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டி நின்றான். "இனி வேற பக்கம் பொழச்சுக்கறனுங்க" என்றான். வருட நடுவில் ஆள் போவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். வேறு யாராவதாக இருந்தால் கட்டிவைத்து அடித்திருப்போம். நான் சரி என்றேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் கேட்பான் என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்கவில்லை. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போய்விட்டான்.

மணியம் என்னிடம் இன்னும் பதினாறு வருடம் இருந்தது. உடம்புக்கு முடியாமல் விட்டேன்.

நேற்று மச்சானின் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தூறலாக இருந்தது. கல் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசை. கூப்பிட்டதும் கொங்காடையோடு வெளியே வந்தான். தலைமுடியெல்லாம் வெளுத்துவிட்டது. கையில் சுண்ணாம்பு தின்ற வெடிப்புகள். என்னை உடனே தெரிந்துகொண்டான்.

"வாங்க" என்றான். சாமி என்று சொல்லவில்லை.

காகிதத்தைப் படித்துக் காட்டினேன். இதில் பேர் இருந்தால் சர்க்காரில் மரியாதை பண்ணுவார்கள், கூட்டம் போட்டு மாலை போடுவார்கள் என்றேன். அவன் அவசரப்படாமல் கேட்டான்.

"யாரு கொடி காட்டுனது?"

"நீதான்."

"நானு எங்கீங்க கொடி காட்டுனன்? கும்புட்டனுங்க. நீங்க அடுத்த கம்பத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

நான் காகிதத்தை அவன் பக்கம் நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

"அன்னிக்கிக் கும்புட்டன்னு சொன்னன், கொடின்னு எழுதிக்கிட்டு உள்ள போட்டாங்க. இன்னிக்கி மாலை போடறதுக்கும் கொடின்னுதான் எழுதோணுங்கறீங்க. நடந்ததை எப்பத்தானுங்க எழுதுவீங்க?"

குரலை உயர்த்தவில்லை. காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மழை வலுக்கிறது, பொழுதோடு போய்ச் சேருங்கள் என்றான். நான் அங்கேயே நின்றேன். மன்னிப்பு வாயில்தான் இருந்தது. ஆனால் என் கண் அவன் தலைமேல் இருந்தது. வந்ததிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. இவ்வளவு நேரம் என் எதிரில் நின்று பேசுகிறான், இன்னும் கொங்காடையை எடுக்கவில்லையே என்று எனக்குள் ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அது தெரிந்ததும் எனக்கு வாய் வரவில்லை. அவனும் அதைக் கண்டுகொண்டான் என்று நினைக்கிறேன். கொங்காடையை நெற்றிவரை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனான்.